ஏர்கோன் வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்: தாப்பா வட்டாரத்துக்கு ஒரு கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தாப்பா டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் இருபது வருடத்துக்கு மேலாகக் கவுண்டரில் நிற்கிறேன். நாங்கள் ஏர்கோன் விற்பதில்லை. செப்புக் குழாய், பிராக்கெட், டிரங்கிங், வயர், சுவிட்ச், குழாய்க்குச் சுற்றும் கறுப்புப் பஞ்சு, இவைதான் எங்கள் சரக்கு. அதனால் ஏர்கோன் மாட்டுகிறவர்களும் வருவார்கள், மாட்டிவிட்டு அவதிப்படுகிறவர்களும் வருவார்கள். இரண்டு தரப்புக் கதையும் காதில் விழும். பிப்ரவரி முதல் மே வரை வெயில் கொளுத்தும் நாட்களிலும், தீபாவளிக்கு முந்தின மாதத்திலும் வரும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றுதான். நான் கவுண்டரில் சொல்கிற பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

அண்ணே, ஒரு ரூமுக்கு ஏர்கோன் போடணும். எத்தனை எச்பி வாங்கலாம்?

எந்த வீடு, எந்த ரூம் என்றுதான் நான் முதலில் கேட்பேன். கடைக்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு ஒன்று உண்டு. அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, வருவதை 65ஆல் பெருக்கினால் தேவையான பிடியு, அதாவது குளிரவைக்கும் சக்தியின் அளவு, கிடைக்கும். 10க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி, அதாவது 7,800 பிடியு. 1 எச்பி மெஷின் சுமார் 9,000 பிடியு தரும், போதும். 12க்கு 15 அறை என்றால் 11,700. அதற்கு 12,000 பிடியு தரும் 1.5 எச்பி சரியாக இருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு சீலிங் உள்ள, ஜன்னல் ஒழுங்காக மூடுகிற, வெயில் அளவோடு படுகிற அறைக்குத்தான் பொருந்தும். சீலிங் இல்லாத தகரக் கூரை, மேற்குச் சுவர், கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய, மூடினாலும் காற்று போகும் நாக்கோ ஜன்னல், மாடியில் கூரைக்கு நேர் கீழே உள்ள அறை, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே கணக்கு உதைக்கும். உடனே நம் ஆட்கள் ஒரு படி பெரிய மெஷினாக வாங்கிவிடுகிறார்கள். மூடிய அறையில் அளவுக்கு மீறிய மெஷின் சீக்கிரமே குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். காற்றில் உள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் இருக்காது. குளிரும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். மூடாத அறையிலோ எத்தனை எச்பி போட்டாலும் நீங்கள் குளிரவைப்பது பக்கத்து வீட்டு வாசலை.

அறை எத்தனை அடி என்றுகூடக் கேட்காமல் போனிலேயே "ஒன் எச்பி போதும், நாளைக்கு வரேன்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

நாங்கள் இன்னும் தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருக்கிறோம். ஏர்கோன் போடலாமா?

போடலாம், ஆனால் மூன்று காரியம் முடிந்த பிறகு.

முதலாவது அனுமதி. வீடு கம்பெனியுடையது. சுவரில் துளை போடுவதற்கும் வயரிங்கைத் தொடுவதற்கும் தோட்ட ஆபீஸில் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் கிளார்க்கான கிராணி வாயால் "சரி" சொன்னது, மானேஜர் மாறினால் செல்லாது.

இரண்டாவது மின்சாரம். ஒரு காலத்தில் தோட்டங்களில் இன்ஜின் ஓட்டி, சாயங்காலம் சில மணி நேரம்தான் வெளிச்சம் தருவார்கள். பிறகு தெனாகா மின்சார நிறுவனத்தின் லைன் வந்தது. ஆனால் பல லயங்களில் உள்ளே ஓடும் வயர், இரண்டு பல்பும் ஒரு ரேடியோவும் இருந்த காலத்துக்குப் போட்டது. இஸ்திரிப் பெட்டி போட்டால் பல்பு மங்குகிறதா என்று பாருங்கள். மங்கினால் அந்த வயரில் ஏர்கோனைத் தொங்கவிடாதீர்கள். வீட்டு மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிபி பாக்ஸிலிருந்து தனி லைன் இழுத்தாக வேண்டும். அந்தச் செலவை மெஷின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மூன்றாவதுதான் பலரும் மறப்பது. லயத்து வீட்டில் சுவர் முடியும் இடத்துக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். காற்றோட்டத்துக்காக வேண்டுமென்றே விட்டது. அந்தக் காலத்துக்கு அது நல்ல யோசனை. ஏர்கோனுக்கோ அது திறந்து கிடக்கும் வாசல். முழு வீட்டையும் குளிரவைக்கும் ஆசையை விடுங்கள். ஒரே ஒரு படுக்கையறையைத் தேர்ந்தெடுத்து சீலிங் போடுங்கள், பலகை இடுக்குகளை அடையுங்கள், நாக்கோ கண்ணாடியை மாற்றுங்கள் அல்லது உள்பக்கம் தெளிவான பிளாஸ்டிக் தகடு வைத்து மூடுங்கள். அப்புறம் 1 எச்பி தாராளமாகப் போதும்.

வெளியே வைக்கும் கம்ப்ரஸரைப் பலகைச் சுவரில் தொங்கவிட்டால் வீடே அதிரும். தரையில் சிமெண்டு மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏர்கோனைப் பற்றியும் கேட்கிறார்கள். பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு குழாய்தான் இருக்கும். அறைக் காற்றையே இழுத்துச் சூடாக்கி வெளியே தள்ளும். தள்ளிய அளவுக்கு வெளிக்காற்று பலகை இடுக்கு வழியாக உள்ளே வரும். லயத்து வீட்டுக்கு அதைவிட மோசமான மெஷின் கிடையாது.

கம்பத்தில் (கிராமத்தில்) எங்கள் பலகை வீடு பகலில் அடுப்பு மாதிரி, ராத்திரி சில்லென்று இருக்கும். தாமான் குடியிருப்பில் மகன் வீடு கல் வீடு, ராத்திரி பத்து மணிக்குத்தான் வெக்கை. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதன் விடை தெரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

பலகைக்கும் தகரத்துக்கும் சூட்டைத் தேக்கி வைக்கும் சக்தி குறைவு. வெயில் பட்டதும் சுடும், வெயில் இறங்கியதும் ஆறும். செங்கல் சுவர் அப்படி இல்லை. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து மேற்குச் சுவர் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு சுவரைத் தாண்டி உள்பக்கம் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். நீங்கள் படுக்கப் போகும்போதுதான் சுவர் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும். இரவு ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

ஆக, பலகை வீட்டுக்காரருக்கு வேண்டியது பகலுக்கான வைத்தியம்: தகரத்துக்குக் கீழே அலுமினியத் தாள், சீலிங், சூடான காற்று கூரை உச்சியில் வெளியேற வழி. அலுமினியத் தாளைத் தகரத்தோடு ஒட்டி அடிக்கக்கூடாது. இடையே ஒரு அங்குலமாவது காற்று இருந்தால்தான் அது வெக்கையைத் திருப்பி அனுப்பும். ஒட்டி அடித்தால் தகரத்தின் சூடு நேராகத் தாளுக்கு இறங்கிவிடும். நிறையப் பேர் ஒட்டித்தான் அடிக்கிறார்கள்.

கல் வீட்டுக்காரருக்கு வேண்டியது சுவரில் வெயில் படாமல் பார்ப்பது. மேற்கில் ஒரு தாழ்வாரம், சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டியான பிடாய், வேலிக்கு முருங்கை, எதுவானாலும் சரி. வெளியே தடுக்க வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை சுவருக்கு ஒன்றும் செய்யாது.

எங்கள் பத்தாங் பாடாங் மாவட்டம் மலையடிவாரம் என்பதால் சாயங்கால மழைக்குப் பிறகு வெளிக்காற்று நன்றாகவே குளிர்ந்துவிடும். கல் வீட்டில் அந்த நேரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் காற்றாடி ஓடினால், ஏர்கோனை ஒரு மணி நேரம் தாமதமாகப் போடலாம்.

1980களில் கட்டிய தாமான் வீடு. வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு. ஒன்று சீலிங். அந்தக் காலத்துத் தகடுகள் பலவற்றில் அஸ்பெஸ்டாஸ் உண்டு. சும்மா இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. துளை போட்டால், அறுத்தால், உடைத்தால் வரும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். குழாயைச் சீலிங் வழியாகக் கொண்டுபோகாமல் சுவர் வழியாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் தகட்டைத் தொடவே விடாதீர்கள்.

இன்னொன்று டிபி பாக்ஸ். இன்னும் பீங்கான் ஃபியூஸ் இருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்கு முதலில் வர வேண்டியவர் ஏர்கோன்காரர் இல்லை, வயர்மேன். எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா கொடுத்த சான்றிதழ் உள்ள வயர்மேனாக இருக்க வேண்டும். முழு வயரிங்கையும் மாற்றினால் வேலை முடிந்ததும் போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு படிவங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது வேலையை மேற்பார்வையிட்டு முடித்ததற்கு, இரண்டாவது சோதனை செய்ததற்கு. அதைக் கேட்டதும் முகம் மாறுகிறவர் வேலையை நம்ப வேண்டாம்.

பழைய ஏர்கோன், ஆர்22 கேஸ். ரிப்பேர் செய்வதா, தூக்கிப் போடுவதா?

ஏர்கோனுக்குள் சுற்றிக் குளிரவைக்கும் பழைய வகைக் கேஸான ஆர்22 ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி உலகமே அதைப் படிப்படியாக நிறுத்திவருகிறது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2030 கெடு. கேஸ் இன்னும் கிடைக்கிறது, விலைதான் ஏறிக்கொண்டே போகும். கெப்பாசிட்டர், காற்றாடி மோட்டார் மாதிரிச் சின்னக் கோளாறு என்றால் ரிப்பேர் செய்து ஓட்டுங்கள். கம்ப்ரஸர் போய்விட்டது, அல்லது காயில் என்ற குழாய்ச் சுருளில் ஓட்டை என்றால் அதற்குமேல் காசு போடாதீர்கள்.

புது மெஷின் ஆர்32 ஆக இருக்கும், கொஞ்சம் முந்தியது என்றால் ஆர்410ஏ. இரண்டும் ஆர்22ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தத்தில் ஓடுபவை. பழைய செப்புக் குழாயிலேயே புது மெஷினை மாட்டித் தருகிறேன், 200 ரிங்கிட் மிச்சம் என்று யாராவது சொன்னால், குழாயின் கனம் என்ன, உள்ளே இருக்கும் பழைய எண்ணெயை எப்படிக் கழுவுவீர்கள் என்று கேளுங்கள். பதில் இருந்தால் சரி. சுவருக்குள் புதைத்த குழாய், வேறு வழியில்லை என்ற வீட்டில் மட்டும் அதை யோசிக்கலாம். மற்றபடி புதுக் குழாய்தான். ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது, அதனால் கேஸ் ஏற்றும்போது பக்கத்தில் நின்று சிகரெட் பிடிக்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். சிரிக்க வேண்டாம், நான் கண்ணால் பார்த்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேஸ் டாப் அப் செய்யச் சொல்கிறார். அப்படித்தானா?

இல்லவே இல்லை. ஏர்கோன் கேஸ் மோட்டார் சைக்கிள் பெட்ரோல் மாதிரித் தீர்ந்துபோகும் பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

என் வீட்டிலேயே நடந்தது. வாங்கி இரண்டாவது வருடம், குளிர் குறைந்து காயில் ஐஸ் கட்டியது. வந்தவர் கேஸ் ஏற்றினார், குளிர்ந்தது. நாலு மாதத்தில் மறுபடி. மறுபடி ஏற்றினார். மூன்றாவது முறையும் கேஜைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஹார்ட்வேர் கடையில் நிற்கிறவனுக்கே இந்தக் கதி. வேறு ஒரு பையனைக் கூப்பிட்டேன். சோப்பு நுரையை எடுத்துக் குழாய் இணைப்புகளில் தடவினான். உள்யூனிட்டுக்குப் பின்னால் ஒரு நட்டில் குமிழி வந்தது. குழாய் நுனியை வெட்டி மறுபடி விரித்து, இறுக்கி, வெக்கூம் பம்ப் ஓட்டி, அளந்து கேஸ் போட்டான். அதற்கப்புறம் ஐந்து வருடமாக யாரும் கேஸ் பக்கம் போகவில்லை. இரண்டு டாப் அப்புக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஐஸ் கட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பில்டரில் தூசு அடைத்துக் காற்று போகாவிட்டாலும் காயில் ஐஸ் கட்டும். ஆகவே முதலில் பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். அதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ்? கெமிக்கல் சர்வீஸ் ஒவ்வொரு தடவையும் வேண்டுமா?

வேண்டாம். சாதாரண சர்வீஸ் என்றால் மூடியைக் கழற்றி, காயில் தண்ணீர் பீய்ச்சி, தண்ணீர்க் குழாய் அடைப்பை எடுப்பது. கெமிக்கல் என்றால் மருந்து அடித்துக் காயில் ஒட்டிய அழுக்கைக் கரைப்பது, சில சமயம் உள்யூனிட்டையே இறக்கி வைத்துக் கழுவுவது. நன்றாகப் பராமரிக்கும் மெஷினுக்கு அடிக்கடி மருந்து அடித்தால் அலுமினியத் தகடுகள்தான் தேயும். நாற்றம் வருகிறது, குளிர் குறைந்துவிட்டது, சாதாரண சர்வீஸ் செய்தும் தேறவில்லை என்றால் மட்டும் கெமிக்கல் போதும்.

எத்தனை மாதம் என்பது மெஷினைவிட வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. தினமும் ராத்திரி ஓடும் மெஷினுக்குப் பொதுவாக ஆறு மாதம். செம்பனை ஆலைக்கோ கல் உடைக்கும் இடத்துக்கோ பக்கத்தில், அல்லது தோட்டத்துச் செம்மண் ரோட்டை ஒட்டி வீடு என்றால் மூன்று நாலு மாதம். வீட்டில் சாம்பிராணி தினமும் போடுகிறவர்கள், சமையலறைக்கு எதிரே ஏர்கோன் வைத்தவர்கள், பூனை வளர்ப்பவர்கள், நீங்களும் இந்தப் பட்டியல்தான். புகைமூட்டக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பில்டர் கழுவுங்கள்.

பாகான் டத்தோ பக்கம், கடலை ஒட்டி உறவுக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு வேறு பிரச்சினை: உப்புக் காற்று. வெளியூனிட்டின் தகடுகள் பொடிந்து உதிரும். பூச்சு பூசிய தகடு உள்ள மாடலாகக் கேட்டு வாங்கி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வெளியூனிட்டைக் கழுவிவிட்டால் ஆயுள் கூடும்.

தீபாவளிக்கு முதல் வாரம் கூப்பிட்டு "இன்னைக்கே வாங்க" என்றால் யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் அவசரத்தில் பாதி வேலைதான் நடக்கும். ஒரு மாதம் முந்திக்கொள்ளுங்கள்.

பல்லியால் ஏர்கோன் கெடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. வெளியூனிட்டில் உள்ள போர்டு வெதுவெதுப்பாக இருப்பதால் பல்லியும் எறும்பும் அங்கே குடியேறும். இரண்டு முனைகளை ஒன்றாகத் தொட்டால் பல்லியும் போச்சு, போர்டும் போச்சு. தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் இது சகஜம். வயர் நுழையும் ஓட்டையை மாட்டும்போதே அடைக்கச் சொல்லுங்கள். மெஷினைச் சுற்றி லாலாங் புல் வளரவிடாதீர்கள்.

இன்வெர்ட்டர் ஏர்கோன் வாங்கினால் கரெண்ட் பில் பாதியாகுமா?

எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரவு எட்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு நல்ல மிச்சம். ஏனென்றால் அறை குளிர்ந்த பிறகு இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடும். விருந்தாளி வந்தால் ஒரு மணி நேரம் போடும் ஹால் ஏர்கோனுக்கு அந்தக் கூடுதல் விலை திரும்பி வராது. காற்று கசியும் அறையிலும் வராது, வேகம் குறைய அது விடாது. மெஷினில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம்தான் சிக்கனம் அதிகம்.

ஒரு பின்குறிப்பு. உலகில் இடி மின்னல் மிக அதிகமாக உள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. மலையடிவாரத்தில் கேட்கவே வேண்டாம். இன்வெர்ட்டர் போர்டு மின்னலுக்கு ரொம்பவே மென்மையானது, மாற்றினால் விலையும் அதிகம். டிபி பாக்ஸில் திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று வைத்துவிடுங்கள். இடி இடிக்கும்போது ஏர்கோன் சுவிட்சை அணைக்கும் பாட்டிமார்களைக் கிண்டல் செய்யாதீர்கள், அவர்கள் செய்வது சரி.

தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் மலிவாகக் கிடைக்கிறதே?

வாங்காதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போதுதான் அது குளிர்ச்சி தரும். மதுரை வெயிலில் காற்று காய்ந்து கிடக்கும், அங்கே வேலை செய்யும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அறை ஈரமாகும், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

புது தாமானில் சாவி வாங்கப் போகிறோம். ஏர்கோன் குழாயைச் சுவருக்குள் புதைக்கலாமா?

பார்க்க அழகாக இருக்கும். ஆனால் புதைத்த குழாயில் ஓட்டை விழுந்தால் சுவரை உடைக்க வேண்டும். செய்வதாக இருந்தால், சிமெண்டு பூசும் முன் குழாயில் நைட்ரஜன் ஏற்றி, ஒரு நாள் விட்டு, கேஜ் முள் இறங்கவில்லை என்பதை நீங்களே போய்ப் பாருங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். நாளைக்குப் படம் மாட்ட ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டாமா? தண்ணீர் வடியும் குழாய்க்குச் சரிவு விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். புது வீடுகளில் "உள்ளே தண்ணீர் சொட்டுகிறது" என்ற புகாரில் முக்கால்வாசி அதனால்தான்.

இரட்டை மாடி வீட்டில் மேல் மாடி அறைகளுக்குத்தான் கூரை வெக்கை முழுக்க இறங்கும். குடியேறும் முன் சீலிங்குக்கு மேலே பஞ்சு விரித்துவிட்டால் பிறகு வாங்கும் மெஷின் ஒரு படி சின்னதாக இருக்கலாம்.

வாட்டர் ஹீட்டர் போடணும். யாரைக் கூப்பிடுவது, எதைப் பார்ப்பது?

இதில் விளையாட்டு வேண்டாம். ஏர்கோன் சரியில்லை என்றால் வேர்க்கும், ஹீட்டர் சரியில்லை என்றால் உயிர் போகும். நனைந்த உடம்போடு மின்சாரத்தின் அடியில் நிற்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

குளியலறை ஹீட்டருக்கு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 10 மில்லியாம்ப் அளவுள்ள ஆர்சிடி தனியாக வேண்டும். வீட்டு டிபி பாக்ஸில் இருக்கும் பொதுவான ஆர்சிடி பெரும்பாலும் 30 அல்லது 100 மில்லியாம்ப். அது இதற்குப் போதாது. ஹீட்டருக்கு உள்ளேயே ஒன்று இருக்கிறது என்று விற்பவர் சொல்வார், இருந்தாலும் டிபி பாக்ஸில் ஒன்று வையுங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கவும், விழாவிட்டால் மாற்றவும்.

வழக்கமான ஹீட்டர் 3.6 கிலோவாட் அளவில் இருக்கும், ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் சொருகவே கூடாது. டிபி பாக்ஸிலிருந்து தனி வயர், குளியலறைக்கு வெளியே இரண்டு முனையையும் துண்டிக்கும் 20 ஆம்பியர் சுவிட்ச். எர்த் வயர் எர்த்தில்தான் போய் முடிகிறதா என்று வயர்மேன் மீட்டர் வைத்துக் காட்ட வேண்டும். பழைய வீடுகளில் எர்த் என்ற பெயரில் ஒரு பச்சை வயர் சுவருக்குள் போய் எங்கும் சேராமல் நிற்கும். பெட்டியில் தரச் சோதனைக்கான சிரிம் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள்.

லயத்து வீட்டிலும் ஒற்றை மாடி வீட்டிலும் தண்ணீர்த் தொட்டி தாழ்வாக இருப்பதால் அழுத்தம் போதாமல் ஹீட்டர் பிடிக்காது. பம்ப் உள்ள மாடல் வாங்குங்கள், அல்லது தொட்டியை உயர்த்துங்கள். உண்மையைச் சொன்னால், தாப்பாவில் இருக்கிறவருக்கு ஹீட்டர் அவசியமே இல்லை. வயதானவர்கள், பச்சைப்பிள்ளை உள்ள வீடுகளைத்தான் சொல்ல வேண்டும்.

மகளைக் கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இங்கே உள்ள அதே ஹீட்டர் அங்கே சூடாக்கவில்லை. பழுதா?

பழுது இல்லை, கணக்கு. எங்கள் ஊரில் தொடங்கும் பாதை மேலே ஏறி முடியும்போது நீங்கள் 1,400 மீட்டருக்கு மேல் நிற்கிறீர்கள். தாப்பாவில் குழாய்த் தண்ணீர் 27 டிகிரி அளவில் வரும். மலையில் 18 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீரை 17 டிகிரிதான் ஏற்றும். இங்கே 44, நல்ல சூடு. அங்கே 35, உடம்புச் சூட்டுக்கும் கீழே. குழாயைக் கொஞ்சம் மூடி, இரண்டு லிட்டர் மட்டும் வரவிட்டால் 43க்குப் போகும், ஆனால் அது குளியல் இல்லை, தெளிப்பு.

மலை வீட்டுக்குத் தொட்டி வைத்த ஸ்டோரேஜ் ஹீட்டர்தான் சரி. குடும்பம் பெரிது என்றால் பெரிய தொட்டி. சோலார் ஹீட்டர் வைக்கலாம், ஆனால் மலையில் மேகம் மூடிய நாட்கள் அதிகம், மின்சாரத்தில் சூடாக்கும் துணை கட்டாயம். கேஸ் ஹீட்டர் நன்றாகச் சூடாக்கும். அதைக் குளியலறைக்குள் மட்டும் வைக்கக்கூடாது. வெளியே, காற்றோட்டத்தில். எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதே காரணத்துக்காக, குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை மூடித் தூங்குவதை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

அறையைச் சூடாக்க வேண்டுமென்றால் எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் ஒன்று போதும். நம் கடைகளில் விற்கும் ஏர்கோன்களில் பெரும்பாலானவை குளிர் மட்டும்தான் தரும், சூடு தராது. மேலும், மலை வீடுகளின் முதல் எதிரி குளிர் இல்லை, ஈரம். பழைய வீடு என்றால் ஈரம் இழுக்கும் மெஷினுக்கு முதலில் செலவழியுங்கள். கம்பளியும் அலமாரித் துணியும் நாறாமல் இருக்கும்.

நல்ல ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டுக்கு வந்தவர் முதலில் எதைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். கூரையை, மேற்குச் சுவரை, ஜன்னலை, டிபி பாக்ஸைப் பார்த்துவிட்டு அப்புறம் மெஷினைப் பற்றிப் பேசுகிறாரா? அவரை விடாதீர்கள். வந்ததும் பட்டியலை நீட்டுகிறாரா? காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பிறகு இரண்டே கேள்வி கேளுங்கள். மாட்டியதும் வெக்கூம் பம்ப் எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்? குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்காமல் கேஸைத் திறந்துவிட்டால் கம்ப்ரஸர் சீக்கிரம் போகும். "பம்ப் எதுக்கு, கொஞ்சம் கேஸை விட்டுத் தள்ளினா போதும்" என்பவர் வேண்டாம். பழைய கேஸை என்ன செய்வீர்கள்? சும்மா காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி தப்பு. கேஸைக் கையாளச் சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த பயிற்சி உண்டு, அந்தச் சான்றிதழ் இருந்தால் தயங்காமல் காட்டுவார்.

கோலாலம்பூரிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ வரும் மலிவு விளம்பரங்களில் மாட்டும் கூலி எத்தனை அடிக் குழாய் வரைக்கும் என்று பாருங்கள். மீதி அடிக்குத் தனிக் காசு, பிராக்கெட்டுக்குத் தனிக் காசு, அப்புறம் சர்வீசுக்கு இவ்வளவு தூரம் வரமாட்டார்கள். பீடோரிலோ தாப்பாவிலோ இருக்கும் ஆளுக்கு ஐம்பது ரிங்கிட் அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை. மறுபடி மார்க்கெட்டில் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியவர் அவர்.

காசு வாங்கிவிட்டார், வேலை சரியில்லை, போன் எடுப்பதில்லை. என்ன செய்யலாம்?

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் கையில் ரசீது வேண்டும். அதனால் துண்டுக் காகிதத்திலாவது மெஷின் மாடல், சீரியல் நம்பர், தேதி, தொகை, கையெழுத்து வாங்கி வையுங்கள். வாட்ஸப் உரையாடலை அழிக்காதீர்கள்.

அம்மாவுக்கு ஏர்கோன் ஒத்துக்கொள்ளாது. மூட்டு வலிக்கிறது என்கிறார். வேறு வழி?

என் அம்மாவும் அதே கட்சி. லயத்தில் பிறந்து வளர்ந்தவர், ஜன்னலை மூடினாலே மூச்சு முட்டும் என்பார். அவருக்காக நான் செய்தது இவ்வளவுதான். தகரத்துக்குக் கீழே ஒரு அங்குலம் விட்டு அலுமினியத் தாள், அதற்குக் கீழே சீலிங். கட்டிலுக்கு நேர் மேலே இல்லாமல் கால்மாட்டுக்கு மேலே ஒரு டிசி காற்றாடி. அது பழைய காற்றாடி இழுத்த மின்சாரத்தில் பாதிதான் இழுக்கிறது, வேகத்தை நன்றாகக் குறைக்கவும் முடிகிறது. சீலிங் காற்றாடியின் இறக்கை தரையிலிருந்து எட்டடியாவது மேலே இருக்க வேண்டும், சீலிங் தாழ்வான வீடு என்றால் சுவர்க் காற்றாடி போடுங்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் பிடாய்.

மொத்தச் செலவு ஒரு நல்ல ஏர்கோன் விலைக்குக் குறைவாகத்தான் வந்தது. பிடாயை மட்டும் அம்மா மத்தியானத்தில் சுருட்டிவிடுவார், ரோட்டில் யார் போகிறார்கள் என்று பார்க்க முடியவில்லையாம்.